டோன்கா வீட்டு ஜாடிகள்

வர்பான் இறந்த நாற்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் காலையிலிருந்து, அவருடைய மனைவி டோன்காவின் நிலவறையில் இருந்த நூற்றுத் தொண்ணூற்றாறு கண்ணாடி ஜாடிகளில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. அன்று சுஹா ஸ்லிவா கிராமத்தில் லேசான பனி. காற்று தன்யூப் ஆற்றுப் பக்கமிருந்து வீசியது. ரொட்டி வண்டி இருபது நிமிடம் பிந்தி வந்தது. இவை மூன்றையும் கிராம அதிகாரி மாரின் அலுவலகக் குறிப்பேட்டில் அன்றே எழுதிவிட்டார். ஜாடி விஷயத்தை நான்கு நாள் கழித்துத்தான் எழுதினார், ஏனென்றால் நான்கு நாளும் டோன்கா அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஜாடிகளெல்லாம் அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கணவனும் மனைவியும் சேர்ந்து அடைத்தவை. நாற்பத்தோரு வருஷமாக அவர்கள் வீட்டு முற்றத்தில் அந்த வேலை ஒரே மாதிரிதான் நடந்தது. இரும்புப் பீப்பாயைக் கல்லின் மேல் ஏற்றி அடியில் விறகு வைப்பார்கள். அதில் முப்பத்தாறு ஜாடி பிடிக்கும். முப்பத்தைந்து வைத்தால் கொதிக்கிற தண்ணீரில் ஒன்றோடொன்று இடித்து விரிசல் விட்டுவிடும், அதனால் இடைவெளி இல்லாமல் அடுக்கி, நடுநடுவே கிழிந்த போர்வைத் துண்டுகளைச் செருக வேண்டும். குடைமிளகாயையும் தக்காளியையும் அரைநாள் கிளறிச் சுண்டவைத்த லூத்தெனித்ஸா, தோல் உரித்த தக்காளி, வினிகரில் போட்ட காலிஃபிளவரும் காரட்டும், சர்க்கரைத் தண்ணீரில் வெந்த செர்ரி, ப்ளம்ஸ், சீமைமாதுளை என்று எல்லாம் அந்தப் பீப்பாய்க்குள் போய்த்தான் நிலவறைக்குப் போகும். தகர மூடியை அழுத்தி இறுக்கும் கைக்கருவியை வர்பான் சுற்றுவார். ஜாடி நகராமல் இரண்டு கையாலும் டோன்கா பிடித்துக்கொள்வாள். அந்த நேரத்தில் இருவரும் பேசமாட்டார்கள். பேசினால் மூடி கோணும் என்பது வர்பானின் எண்ணம். மற்ற நேரத்திலும் அவர்கள் அதிகம் பேசியவர்கள் இல்லை. ஆனால் அது பேச்சு தேவைப்படாத வீடு. அக்டோபர் பத்தொன்பதாம் தேதி, வால்நட் மரத்தடியில், கூடை பாதி நிறைந்திருந்தபோது வர்பான் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை.

நாற்பதாம் நாளுக்கு ஊரே வந்தது. ஊர் என்றால், அப்போது புகை வந்த புகைபோக்கி எட்டு, டோன்காவைச் சேர்த்துப் பன்னிரண்டு பேர். கல்லறையில் வேகவைத்த கோதுமையைக் கொடுத்துவிட்டு, கிராம அலுவலகத்தின் நீண்ட மேசையில் எல்லாரும் உட்கார்ந்தார்கள். டோன்கா கொண்டுபோன பதினெட்டு ஜாடிகளும் ஒரு முனகல்கூட இல்லாமல் திறந்தன. எல்லாரும் சாப்பிட்டு, 'கடவுள் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் டோன்கா ஒரு ஜாடி தக்காளியை எடுத்து, மூடியின் விளிம்பில் திறப்பானை மாட்டி நெம்பினாள். திறப்பான் வளைந்தது. மூடி வளையவில்லை. வேறொரு ஜாடி எடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவது ஜாடியை வெந்நீரில் தலைகீழாக வைத்துப் பார்த்தாள். நான்காவதை, மனசு வெறுத்து, அடுப்படிக் கல்லில் போட்டாள். அது பூனை குதிப்பதுபோல மெத்தென்று விழுந்து, உருண்டு, அவள் காலடியில் வந்து நின்றது.

அதை அவள் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் உண்டு. டோன்கா கொடுத்துப் பழகியவள், கேட்டுப் பழகாதவள். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வேலிக்கு மேலே ஒரு ஜாடி வரும். கையில் வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பதற்குள் டோன்காவின் முதுகு தெரியும், பிறகு கதவு சாத்தும் சத்தம் கேட்கும். இப்படி ஊரில் எல்லாரும் அவள் கைப்பக்குவத்தைச் சாப்பிட்டிருக்கிறார்கள், ஆனால் அவள் வீட்டு மேசைவிரிப்பு என்ன நிறம் என்று ஒருவருக்கும் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல மனசுதான் அது. ஆனால் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிற நல்ல மனசு. வர்பான் உயிரோடு இருந்தவரை அதில் எந்தக் குறையும் தெரியவில்லை, கதவுக்கு உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள்.

ஐந்தாம் நாள், வேறு வழியில்லாமல், மாரினிடம் சொன்னாள். மாரின்தான் கிராமத்துக்கு அதிகாரி, கொல்லர், குழாய் ரிப்பேர்காரர் எல்லாம். அவர் முற்றத்திலேயே நின்றபடி, பட்டறைக் கல்லின் மேல் ஜாடியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். சுத்தியல் எகிறி அவர் தொப்பியைத் தட்டிவிட்டது.

"டோன்காக்கா, இதுல என்னத்தப் போட்டீங்க? சிமெண்டா?"

"சீமைமாதுளை."

"என் கல்யாணத்தைவிட இறுக்கமால்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் தண்ணீர்க் குழாய் உறைந்து கிடப்பதாகக் கிளம்பிவிட்டார். மாதம் ஒருமுறை வரும் பாதிரியார் மெதோதி, புனித நிக்கொலாஸ் நாளன்று வந்து, வாசலில் நின்று, ஜாடிமேல் தீர்த்தம் தெளித்தார். அவருக்கு அன்றைக்கு இன்னும் மூன்று ஊர் பாக்கி. ஜாடியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இதுல கெட்டது ஒண்ணும் இல்லம்மா, எதுக்கோ காத்துக்கிட்டிருக்கு" என்றார். டோன்கா அவர் கையை முத்தமிட்டு வழியனுப்பிவிட்டு, அன்றும் ரொட்டியும் வெங்காயமும் உப்பும்தான் சாப்பிட்டாள். கிராமத்துக் கடை மூடி ஆறு வருஷமாகிறது. செவ்வாயும் வெள்ளியும் வரும் வண்டியில் ரொட்டி மட்டும்தான் வரும். குளிர்காலத்துக்கு ஜாடிதான் சாப்பாடு. உருளைக்கிழங்கு இரண்டு மூட்டை இருந்தது. வால்நட் இருந்தது, பாதிக் கூடை.

மகன் ப்ளாமென் தலைநகரத்தில், ஏழாவது மாடியில், மனைவியோடும் மகளோடும் இருந்தான். அவனுக்கென்று அக்டோபரிலேயே பஸ்ஸில் அனுப்பிய இரண்டு பெட்டி ஜாடிகளைப் பற்றி டோன்கா ஃபோனில் கேட்டாள்.

"இங்க நல்லாத்தாம்மா திறக்குது. விரலாலயே வருது. ஒரு நாள் மத்தியானம் இவ மட்டும் வீட்ல இருந்தப்ப வரலைன்னா. கை வலுவில்லைன்னு நினைச்சுக்கிட்டோம்."

அவன் முகத்தைப் பார்த்துப் பேசுகிற அழைப்பு அது. அதனால் அவனும் அவளைப் பார்த்தான். "என்னம்மா இப்படி இளைச்சுப்போயிட்ட?" என்று கேட்டான். ஒரு யோசனை தோன்றி, அவன் அங்கே ஒரு தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான், இவள் இங்கே ஃபோனை உப்புக்கிண்ணத்தில் சாய்த்து, ஒரு ஜாடியை நடுவில் வைத்து, எதிரே உட்கார்ந்தாள். மூடியின் ஒரு ஓரம் மெல்ல எழும்பியது, உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விட்டது, ஃபோனை ஒருமுறை பார்த்ததுபோல இருந்தது, மறுபடி படிந்துகொண்டது. ப்ளாமென் தன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "அம்மா, பேசாம வீட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடு. நாங்க காலைல ஏழுக்குப் போனா சாயங்காலம் ஏழுக்கு வந்துடுவோம். டிவி இருக்கு. பால்கனி இருக்கு" என்றான். டோன்காவுக்கு அந்தப் பால்கனி தெரியும். அங்கிருந்து பார்த்தால் எதிரே இன்னொரு பால்கனி. அவளுடைய தோட்டமும் அடுப்பும் வர்பானின் கல்லறையும் இங்கே இருந்தன. ஆனால் இளைத்த முகத்தை வைத்துக்கொண்டு மகனோடு வாதாட முடியாது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள்: ஜனவரி பதினேழு புனித அந்தோனியார் நாள், அந்தப் பெயரின் சுருக்கமான டோன்காவுக்கு அது பெயர்நாள். அதற்குள் அவள் ஜாடிகள் திறந்து ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் சரி. இல்லையென்றால் பதினெட்டாம் தேதி ப்ளாமென் காரோடு வருவான், சாவியை மாரினிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பவேண்டியது.

ஜாடிகளின் விதி டிசம்பர் நடுவில் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ரொட்டி வண்டி அவள் வீட்டுக்கு முன்னால் பனியில் சிக்கிக்கொண்டது. மாரின் டிராக்டரை எடுத்துவர ஒரு மணி நேரமாகும் என்றார். வண்டி ஓட்டுகிற கிரோ, முப்பது வயதுக்காரன், குளிரில் மூக்கு சிவந்துபோய்க் கதவைத் தட்டினான். அனுமதி கேட்காமலேயே அடுப்பருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "பெரியம்மா, காலைல இருந்து பட்டினி. ரொட்டி என்கிட்ட இருக்கு, அறுபது. தொட்டுக்க மட்டும் ஏதாவது குடுங்க" என்றான். டோன்கா மேசைமேல் இருந்த லூத்தெனித்ஸா ஜாடியைப் பார்த்தாள். அது பதினாறு நாளாக அங்கேயே நின்றது. அவள் உட்கார்ந்தாள். டக்கென்று ஒரு சத்தம். மூடி தானாகக் கழன்று மேசைமேல் ஒரு சுற்று சுழன்று அடங்கியது. வெந்த மிளகாய் வாசனை அறை முழுக்கப் பரவியது. கிரோ அதை ஒரு விசேஷமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ரொட்டியைப் பிய்த்து முக்கிக்கொண்டே, போன வருஷ லூத்தெனித்ஸாவைவிட இதில் பூண்டு கம்மி என்றான். டோன்கா மூன்று துண்டு ரொட்டி சாப்பிட்டாள். கிரோ போன பிறகு இன்னொரு ஜாடியை வைத்துப் பார்த்தாள். அது கல்.

செவ்வாய்க்கிழமை கிரோ மறுபடி ஐந்து நிமிடம் உட்கார்ந்தான், ஒரு ஜாடி செர்ரி திறந்தது. அதற்கடுத்த வாரத்திலிருந்து பனி அதிகமாகி, மேட்டிலேயே வண்டியை நிறுத்தி அங்கேயே ரொட்டியைக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். ஆனால் அதற்குள் வண்டி போகும் ஒன்பது ஊரிலும் செய்தியைச் சொல்லிவிட்டான். மாரின் குறிப்பேட்டில் எழுதினார்: 'டோன்கா வீட்டு ஜாடிகள், சாப்பிட இரண்டு பேர் உட்கார்ந்தால் திறக்கும். நிற்பவர்கள் சேர்த்தி இல்லை. அவசரமாக இருப்பவர்கள் சந்தேகம்.' ஆக, செய்ய வேண்டியது என்ன என்று ஊருக்கும் தெரியும், டோன்காவுக்கும் தெரியும். யாராவது ஒருவரைப் பார்த்து, 'வந்து என்னோடு உட்காருங்கள்' என்று சொன்னால் போதும். அந்த வாக்கியத்தை டோன்கா வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. ரொட்டி வரிசையில் நிற்கும்போது நாக்கின் நுனி வரை வரும். "குளிர் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு இரண்டு ரொட்டியோடு திரும்பிவிடுவாள்.

ஊர்க்காரர்களும் கல்மனசுக்காரர்கள் இல்லை. அது துக்க வீடு, அவள் கறுப்பு உடுத்தியிருக்கிறாள், தானாகப் போய் அவள் மேசையில் உட்கார்வது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள். கூப்பிட்டால் ஓடலாம் என்று காத்திருந்தார்கள். டிசம்பர் இருபது, புனித இக்னாத் நாளன்று, வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிறவரைப் பொறுத்துத்தான் அந்த வருஷம் அமையும் என்பதால், கறுப்பு உடுத்தியவள் அன்றைக்கு வெளியே வரமாட்டாள். டோன்கா தன் கால் யாருக்கும் கெடுதலாகிவிடக் கூடாதென்று காலையிலிருந்து ஜன்னல் திரையைக்கூட விலக்கவில்லை. அவள் வீட்டுக்குள் யாரும் முதலில் கால் வைக்கவில்லை. இரண்டாவதாகவும் வைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, மாமிசம் இல்லாத பதார்த்தங்கள் ஒற்றைப்படையில் மேசைக்கு வர வேண்டும். டோன்கா எண்ணினாள்: ரொட்டி, பூண்டு, வால்நட், தேன், வெங்காயம், அவித்த உருளைக்கிழங்கு, பீன்ஸ். ஏழு. சீமைமாதுளையும் ஊறுகாயும் திறந்தால் ஒன்பது. அன்று இறந்தவர்களுக்கும் தட்டு வைப்பார்கள், மேசையை இரவு முழுக்க எடுக்கமாட்டார்கள். இருட்டத் தொடங்கியபோது டோன்கா ஐக்கன் என்கிற புனிதர் படத்துக்கு முன் விளக்கை ஏற்றி, சிலுவை போட்டு, எதிரே வர்பானுக்குத் தட்டு வைத்தாள். வர்பான் வந்தார். பழுப்புக் கோட்டு போட்டிருந்தார், காலில் பனி இல்லை. தொப்பியைக் கழற்றி வழக்கமான ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். டோன்கா சீமைமாதுளை ஜாடியை நடுவில் வைத்தாள். இருவரும் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளக்குத் திரி ஒருமுறை சடசடத்தது. மூடி அசையவில்லை. வர்பான் கையை நீட்டி மூடியைத் தொட்டார், தான் சுற்றி இறுக்கிய விளிம்பை விரலால் ஒரு வட்டம் தடவினார், பிறகு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னை ஆளாச் சேர்த்துக்கல போலிருக்கு" என்றார்.

"நீங்க உட்கார்ந்தா போதும்னுதானே நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சு வந்தேன், டோன்கா." அவர் முகத்தில் கூச்சம் தெரிந்தது, விருந்துக்குக் கைவீசிக்கொண்டு வந்தவர்போல. "பக்கத்து வீட்ல ராத்கா புகைபோக்கியிலயும் ஒரே ஒரு நூல்தான் புகை வருது. அவளும் தனியாத்தான் இருக்கா, பார்த்துக்கிட்டே வந்தேன்."

"அவளைப் போய் நான் எப்படிக் கூப்பிடுறது? நாற்பது வருஷமா கூப்பிட்டதில்லையே."

வர்பான் இரண்டு வால்நட்டை உடைத்து, நல்ல பருப்பாக இருந்ததை அவள் தட்டில் வைத்தார். ஏழு பதார்த்தத்தையும் வரிசையாகத் தொட்டுச் சாப்பிட்டார்கள். விடியும்போது அவர் தட்டு சுத்தமாக இருந்தது, தொப்பி ஆணியில் இல்லை. டோன்கா அன்று முழுக்க அழுதாள். அவர் வந்ததற்காகவா, போனதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை. வேறொன்றும் அவளுக்குப் புரிந்தது, அதுதான் அதிகம் வலித்தது. அவர் வருவார் என்று நினைத்துத்தான் அவள் இத்தனை நாள் வேறு யாரையும் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

பெயர்நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை. அது இந்தப் பக்கத்து வழக்கம். பெயருக்குரியவர் கதவைத் திறந்து வைத்து, மேசை போட்டுக் காத்திருக்க வேண்டும், நினைவிருப்பவர்கள் தாமாக வருவார்கள். அழைத்தால் அது பிச்சை கேட்பதுபோல. டோன்காவுக்கு இந்த வழக்கம் ஒரு கதவு திறந்ததுபோல இருந்தது, கேட்காமலேயே ஆள் வரும் நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். பதினேழாம் தேதி விடியுமுன் எழுந்து, மாவு பிசைந்து, அந்தோனியார் நாளுக்கான சின்ன ரொட்டிகளைச் சுட்டு, மேலே தேன் தடவினாள். வாசலிலிருந்து கேட் வரைக்கும் பனியை வாரி ஒதுக்கினாள். நாற்பது வருஷமாகப் பெட்டியில் இருந்த வெள்ளை விரிப்பை எடுத்து மேசையில் போட்டு, ஆறு தட்டு வைத்தாள். நடுவில் ஆறு ஜாடி. கேட்டைத் திறந்து, காற்றில் சாத்தாமல் இருக்கக் கல் வைத்தாள். மகனுடைய பழைய பைகளில் ஒன்றில், ஒருவேளை போகவேண்டியிருந்தால் என்று, கறுப்பு உடை இரண்டும் ஐக்கனும் ஏற்கெனவே மடித்து வைத்திருந்தாள்.

பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பன்னிரண்டுக்கு வெளிச்சம் முற்றத்துக்கு வந்தது, போனது. ரொட்டிமேல் தேன் இறுகிப் பளபளப்புப் போனது. இரண்டு மணிக்கு டோன்கா ஆறு தட்டில் நான்கை எடுத்து அடுக்கில் வைத்தாள். இரண்டரைக்கு அந்த நான்கையும் திரும்ப எடுத்து மேசையில் வைத்தாள். கடவுளே, ஒரு ஆள் போதும் என்று சொல்லிக்கொண்டாள். மூன்று மணிக்கு ஜன்னலுக்குப் போய் நின்றபோது, தெருவில் ராத்கா வருவது தெரிந்தது. கையில் துணி போட்டு மூடிய தட்டு. டோன்காவின் கேட் வரைக்கும் வந்தாள். கல் வைத்துத் திறந்திருந்த கேட்டைப் பார்த்தாள், வாரி ஒதுக்கிய பாதையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். ஒரு காலை உள்ளே வைத்தாள். பிறகு கதவில் இன்னும் தொங்கிய கறுப்பு நாடாவைப் பார்த்து, காலைப் பின்னால் எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். உள்ளே திரைக்குப் பின்னால் டோன்காவும் அப்படியே நின்றாள். இருவருக்கும் நடுவே பதினைந்து அடி. ராத்கா மெதுவாகத் திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

டோன்கா வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினாள். ஓடியதை மாரின் தன் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார், அறுபத்தேழு வயதில் ஒருத்தி அப்படி ஓடி அவர் பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறார்.

"ராத்கா! ஏய் ராத்கா! எங்கடி போற?"

ராத்கா திரும்பினாள். "வீட்டுக்கு. அக்கா, என்னக்கா இது, செருப்பைப் பாரு, நனைஞ்சுபோச்சு."

"வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறியே."

"துக்க வீடாச்சேக்கா. நீ கூப்பிடாம நான் எப்படி உள்ள வர்றது?"

"பெயர்நாளுக்கு யாராவது கூப்பிடுவாங்களாடி?"

"கூப்பிடமாட்டாங்க. அதான் நானும் யோசிச்சேன்." ராத்கா தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "கூப்பிடாம வந்தா துக்கத்துக்கு மரியாதை இல்ல. கூப்பிட்டா பெயர்நாளுக்கு மரியாதை இல்ல. காலைல இருந்து மாரின் வீட்ல இதைத்தான் பேசிக்கிட்டிருக்கோம். எல்லாரும் அங்கதான் உட்கார்ந்திருக்காங்க, ஆளுக்கொரு தட்டை மடியில வச்சுக்கிட்டு. பலகாரம் எல்லாம் ஆறிப்போச்சு."

டோன்காவுக்கு அந்த வாக்கியம் வெளியே வர வெகுநேரம் எடுத்தது. வந்தபோது அவள் மனசில் ஒத்திகை பார்த்ததுபோல வரவில்லை.

"எனக்குச் சாப்பிடணும் ராத்கா. தனியாச் சாப்பிட முடியல. நீ வா. அவங்களையும் வரச்சொல்லு. நான் கூப்பிடுறேன். எல்லாரையும் கூப்பிடுறேன்."

"அடிப்பாவி" என்றாள் ராத்கா. அவள் கண் நிறைந்திருந்தது. "இதை டிசம்பர்லயே சொல்லித் தொலைஞ்சிருக்கக் கூடாதா? எனக்கு மட்டும் என்ன, சோறு தொண்டைல இறங்குதாக்கும்?"

பதினொரு பேரும் வந்தார்கள். நாற்காலி போதாமல் விறகுக்கட்டைகளைத் தூக்கிவந்து போட்டுக்கொண்டார்கள். முதலில் எல்லாரும் வெள்ளை விரிப்பைப் பார்த்தார்கள். கடைசி ஆளாக மாரின் உட்கார்ந்ததும் மேசைமேல் இருந்த ஆறு ஜாடியும் திறந்தன. அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அதற்குப் பிறகு காலடியில் கேட்ட சத்தம். நிலவறையில் டக், டக், டக்கென்று, தகரக்கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல, மூடிகள் வரிசையாகக் கழன்றுகொண்டிருந்தன. டோன்கா தலையில் கைவைத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள்.

"போதும்! போதும்! அத்தனையும் கெட்டுப்போயிடும்!"

ஜாடிகள் கேட்கவில்லை. அவை ஏழு வாரம் வாயை மூடியிருந்தவை. கீழ்த்தட்டில் இருந்த கடைசி ஊறுகாய் ஜாடி வரைக்கும் திறந்த பிறகுதான் சத்தம் அடங்கியது. மேசையில் திறந்த ஆறையும் சேர்த்து நூற்றுத் தொண்ணூற்று நான்கு, இரண்டை ஏற்கெனவே கிரோ தின்றிருந்தான். திறந்த ஜாடியைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எது குளிரில் எத்தனை நாள் தாங்கும், எதை மறுபடி கொதிக்கவைத்து அடைக்கலாம், எதை உடனே தின்றாக வேண்டும் என்று உடனே வாக்குவாதம் தொடங்கியது. தக்காளியைப் பீப்பாயில் ஏற்றலாம், ஊறுகாய் தாங்கும், பழமும் லூத்தெனித்ஸாவும் சாப்பிட்டே தீர்க்கவேண்டியதுதான் என்று முடிவாயிற்று. நூறு ஜாடிக்கு மேல். பன்னிரண்டு வயிறு. நாளைக்கும் வர வேண்டும், அதற்கு மறுநாளும் வர வேண்டும். அதில் மரியாதைக் குறைவு உண்டா என்று அப்புறம் யாரும் பேசவில்லை.

ப்ளாமென் மறுநாள் மத்தியானம் காரோடு வந்தான். பூட்டுவதற்கென்று புதுப் பூட்டு ஒன்றும் வாங்கி வந்திருந்தான். கதவைத் திறந்தால் உள்ளே பதினொரு பேர், யாரோ அவன் கையில் தட்டைத் திணித்தார்கள், யாரோ அவனை ஒரு கட்டையில் உட்காரவைத்தார்கள். செர்ரியைச் சாப்பிட்டுக்கொண்டே அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் முகம் இன்னும் இளைத்துத்தான் இருந்தது, ஆனால் கன்னத்தில் லூத்தெனித்ஸா ஒட்டியிருந்தது.

"அம்மா, நாம கிளம்பணுமே" என்றான், சொன்ன வார்த்தைக்காக.

"இவ்வளவு திறந்து கெடக்கு. இதைப் போட்டுட்டு நான் எப்படிப்பா வர்றது?"

அவன் பூட்டை மாரினுக்குக் கொடுத்துவிட்டு, தனியாகத் திரும்பினான். அந்தப் பூட்டு இப்போது மாரின் வீட்டுக் கோழிக்கூட்டில் இருக்கிறது.

அதற்குப் பிறகு டோன்காவின் வாழ்க்கை திருவிழாவாக மாறிவிடவில்லை. மத்தியானம் ஆள் வருவார்கள், மாலையில் போய்விடுவார்கள், நீண்ட மாலைகளை அவள் தனியாகத்தான் கழித்தாள். அந்த நேரத்தில், மறுபடி அடைத்த ஜாடிகள் திறக்கமாட்டா, அவளும் கேட்கமாட்டாள், ஒரு துண்டு ரொட்டியில் உப்பைத் தொட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவாள். சில நாள் ராத்கா வரமாட்டாள், மூட்டுவலி. அப்போது டோன்கா ஜாடியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவாள். ஜாடி யாருடையது, மேசை யாருடையது என்பதில் மூடிகளுக்கு அக்கறை இல்லை. அடுத்த ஆகஸ்டில் எட்டு வீட்டுத் தக்காளியும் மிளகாயும் டோன்காவின் முற்றத்துக்கு வந்தன. கைக்கருவியை மாரின் சுற்றினார். அவர் வாய் மூடாமல் பேசிக்கொண்டே சுற்றியதில் ஒரு மூடிகூடக் கோணவில்லை. அதற்கடுத்த வருஷம் எட்டு ஏழானது, பிறகு ஆறு. ஒவ்வொரு புகைபோக்கி அணையும்போதும் அடுத்த ஊரிலிருந்து யாராவது ஒருவர், தன் வீட்டு ஜாடியும் திறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தார். யாரும் காரணம் கேட்கவில்லை, நாற்காலியை நகர்த்திப்போட்டார்கள்.

ஏழாம் வருஷம் செப்டம்பரில், ஒரு வெள்ளிக்கிழமை, டோன்கா மூடி வாங்க நகரத்துச் சந்தைக்குப் போனாள். மூடிக்கடையில் அவளுக்கு முன்னால் கறுப்பு உடுத்திய ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். அந்தப் பக்கத்து ஊர்க்காரி இல்லை, மலைக்கு அந்தப்புறத்துப் பேச்சு. தான் போன மாதம் வாங்கிய மூடிகள் எல்லாம் மட்டமானவை என்றும், ஒன்றுகூடத் திறக்கவில்லை என்றும், சுத்தியலால் அடித்தும் பார்த்துவிட்டதாகவும் கடைக்காரரிடம் சத்தம் போட்டாள். சத்தத்தின் கடைசியில் குரல் உடைந்தது.

"மூடியில ஒண்ணுமில்லம்மா" என்றார் கடைக்காரர், தகர மூடிகளை நூறு நூறாக அடுக்கிக்கொண்டே. அவருக்கு இது அந்த வாரத்தில் மூன்றாவது ஆள். அவர் வருஷாவருஷம் மூடி வாங்க வரும் டோன்காவைப் பார்த்தார்.

டோன்கா தன் பையைக் கீழே வைத்தாள்.

"உங்க ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரெண்டரைக்கு என்றாள். ரெண்டரை பஸ் அன்று சரியான நேரத்துக்குக் கிளம்பியது. இருவரும் அதில் ஏறினார்கள்.